உங்களுக்குத் தெரியுமா? மே, ஜூனில் யோசெமிட்டி!

கோடை எட்டிப் பார்த்ததுமே பாறையேறிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடும் இடம், கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு. அங்கே 'கேம்ப் 4' என்று ஒரு கூடாரத் திடல். மண் தரை, மரங்கள், உணவு வைக்க இரும்புப் பெட்டிகள். அவ்வளவுதான். ஆனால் 2003 முதல் அது அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது! கூடாரம் அடிக்கும் மண்ணுக்கு அப்படியொரு மரியாதை!

1997 வெள்ளத்துக்குப் பிறகு, அதன் பக்கத்திலேயே கட்டடங்கள் எழுப்பத் திட்டம் வந்தது. டாம் ஃப்ராஸ்ட் என்ற மூத்த பாறையேறி கோர்ட்டுக்கே போய்விட்டார். திடல் பிழைத்தது!

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஆப்பிள் கம்ப்யூட்டர் இருக்கிறதா? 2014-இல் வந்த அதன் இயங்குதளத்தின் பெயர் 'யோசெமிட்டி'. 2015-இல் வந்தது 'எல் கேப்பிட்டன்'. இரண்டும் இந்த இடத்துப் பெயர்கள்!

எல் கேப்பிட்டன் எவ்வளவு உயரம்? அடியிலிருந்து உச்சிவரை சுமார் 3,000 அடி. ஒரே கருங்கல். துபாயின் புர்ஜ் கலீஃபாகூட இதைவிடக் குட்டை!

அந்தச் சுவரில் 'நோஸ்' என்ற வழியில் முதன்முதலில் ஏறத் துணிந்தவர் வாரன் ஹார்டிங். 1957 ஜூலையில் தொடங்கினார். என்ன ஆயிற்று தெரியுமா? வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்களால் சாலையே அடைத்துக்கொண்டது! மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஏறவே கூடாது என்று பூங்கா அதிகாரிகள் தடை போட்டுவிட்டார்கள். பாறையில் ஏறுகிறவருக்கு டிராஃபிக் ஜாம் காரணமாகத் தடை!

அகலமான பிளவுகளில் அடிக்க அவரிடமும் கூட்டாளிகளிடமும் பெரிய ஆணிகள் இல்லை. பழைய அடுப்பின் கால்களைக் கழற்றி எடுத்து வந்து அடித்தார்கள். அந்தப் பிளவுகளுக்கு இன்றைக்கும் 'அடுப்புக்கால் பிளவுகள்' என்றே பெயர்!

கடைசி இரவில் ஹார்டிங் தூங்கவே இல்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கையாலேயே சுத்தியல் அடித்து, பாறையில் வரிசையாக 28 ஓட்டைகள் போட்டார். 1958 நவம்பர் 12 காலையில் உச்சி! ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டு ஏறி, மொத்தம் சுமார் 45 நாள்!

அதே வழியை 1975 மே 26 அன்று மூன்று பேர் ஒரே நாளில் முடித்தார்கள். ஜிம் பிரிட்வெல், ஜான் லாங், பில்லி வெஸ்ட்பே. 18 மணி நேரம்கூட ஆகவில்லை!

இன்னும் இருக்கிறது. 2018 ஜூன் 6. அலெக்ஸ் ஹானல்டும் டாமி கால்ட்வெல்லும் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 58 நிமிடம் 7 விநாடி! 45 நாள் வேலை, ஒரு சினிமா பார்க்கும் நேரத்தில்!

இதில் கால்ட்வெல்லுக்கு இடது ஆள்காட்டி விரல் முழுசாக இல்லை. 2001-இல் ரம்பத்தில் போய்விட்டது. விரல் நுனிகளை நம்பியே செய்யும் தொழிலில், ஒன்பதரை விரலோடு உலகச் சாதனை!

அதற்கு முந்தைய வருடம், 2017 ஜூன் 3. இதே ஹானல்ட் எல் கேப்பிட்டனில் 'ஃப்ரீரைடர்' வழியாக ஏறினார். கயிறு இல்லை. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. காலில் ரப்பர் ஷூ, இடுப்பில் சாக் தூள் பை. 3 மணி 56 நிமிடத்தில் உச்சி! அதைக் காட்டும் ஆவணப்படம் 2019-இல் ஆஸ்கர் வாங்கியது!

2019 ஜூனில் 'நோஸ்' வழியாக உச்சிக்குப் போன ஒருவருக்கு வயது 10! ஐந்து நாள் ஏறினாள் அந்தச் சிறுமி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் காதலித்ததே அந்தப் பாறையில்தானாம்!

இந்தப் பள்ளத்தாக்கின் எல்லாச் சாதனைகளிலும் எனக்குப் பெரிதாகப் படுவது மார்க் வெல்மனுடையதுதான். 1982-இல் மலையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. யோசெமிட்டியிலேயே ரேஞ்சர் ஆனார். 1989 ஜூலையில், கொளுத்தும் வெயிலில், நண்பர் மைக் கார்பெட் முன்னால் ஏறிக் கயிறு கட்ட, இவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக் கைகளாலேயே உடம்பைத் தூக்கினார். ஒரு தூக்கலுக்குச் சுமார் அரை அடி. மறுபடி தூக்கல். மறுபடி அரை அடி. எல் கேப்பிட்டன் உச்சியைத் தொடும்போது சுமார் 7,000 தூக்கல்கள்!

சுவரில் பல நாள் தங்குகிறவர்கள் எங்கே தூங்குவார்கள்? பாறையில் மாட்டிய மடக்குக் கட்டிலில், அந்தரத்தில்! குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீரையும் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும். மலத்தையும் டப்பாவில் அடைத்துக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். அதுதான் சட்டம்!

5.9-ஐவிட 5.10 பெரியதாக இருக்க முடியுமா? பாறையேறிகள் கணக்கில் முடியும்! வழிகளின் கடினத்தைக் குறிக்கும் யோசெமிட்டி அளவில், முதலில் 5.9-தான் எல்லை. அதைவிடக் கடினமான வழிகள் வந்ததும் 5.10 என்று போட்டார்கள். இப்போது 5.15 வரை வந்துவிட்டது!

கேம்ப் 4-இல் ஒரு பெரிய பாறையில் சாக் தூளால் வரைந்த மின்னல் கோடு இருக்கும். பாறையின் அந்த வழிக்கு 'மிட்நைட் லைட்னிங்' என்று பெயர். 1978-இல் ரான் காக் முதலில் ஏறினார். மழையில் மின்னல் அழிந்தால், யாராவது மறுபடி வரைந்துவிடுவார்கள்!

'நார்த் ஃபேஸ்' ஜாக்கெட்டில் மூன்று வளைகோடுகள் பார்த்திருப்பீர்கள். அது யோசெமிட்டியின் ஹாஃப் டோம் மலை!

'பாடகோனியா' நிறுவனத்தைத் தொடங்கிய இவான் ஷூனார்ட் யார் தெரியுமா? பட்டறை வேலையைத் தானே கற்றுக்கொண்டு, பாறை ஆணி அடித்து, காரின் பின்பக்கத்தில் வைத்து விற்றவர்! ஓர் ஆணி ஒன்றரை டாலர்!

மே மாதத்தில் பனி பெய்யுமா? 1903 மே மாதம் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், இயற்கை ஆர்வலர் ஜான் மியூருடன் யோசெமிட்டியின் கிளேசியர் பாயின்டில் திறந்த வெளியில் படுத்தார். காலையில் எழுந்தால் போர்வை மேல் பனி! அதிபர் சோர்ந்தாரா? குதூகலித்தார்!

பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும்போதே மேலே டியோகா சாலை பனிக்குள் கிடக்கும். 2023-இல் அது திறந்தது ஜூலை 22-ஆம் தேதி!

மே, ஜூனில் யோசெமிட்டி அருவி பொங்கி விழும். மூன்று அடுக்கும் சேர்த்து 2,425 அடி! பௌர்ணமி இரவில் சாரலில் நிலா வெளிச்சத்தாலேயே வானவில் தெரியும்! ஆகஸ்டில் போனால்? பல வருடங்களில் அருவியே வற்றியிருக்கும்!

ஆற்றில் வாடகை ரப்பர் படகு விட ஒரு கணக்கு உண்டு. காற்றின் வெப்பத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டினால் 100 வர வேண்டும்!

பொரி வல்லூறுகள் குஞ்சு பொரிக்கும் பாறைகளில், மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மனிதர்கள் ஏறக் கூடாது. பறவைக்கு முதலிடம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் பறவை அது!

இரவில் காருக்குள் சாப்பாடு வைத்தால் கரடி கதவையே வளைத்து உரித்துவிடும். 1998-இல் மட்டும் கரடித் தொல்லைச் சம்பவங்கள் 1,500-ஐத் தாண்டின! பற்பசைகூட இரும்புப் பெட்டிக்குள்தான் போக வேண்டும்!

ஹாஃப் டோமில் யாராலும் ஏறவே முடியாது என்றார்கள். 1875-இல் ஜார்ஜ் ஆண்டர்சன் ஏறிக் காட்டினார். அதன் செங்குத்தான வடமேற்கு முகத்தில் 1957 ஜூன் 24-இல் ராயல் ராபின்ஸ் உள்ளிட்ட மூவர் தொடங்கி, 28-ஆம் தேதி முடித்தார்கள். உச்சியில் அவர்களை வரவேற்க, பின்பக்கப் பாதையில் நடந்தே வந்து நின்றவர் யார் தெரியுமா? நம்ம ஹார்டிங்!

அந்தப் பின்பக்கப் பாதையில் நீங்களும் போகலாம். 1919-இலேயே அங்கே இரும்புக் கம்பிகள் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் மே கடைசியில் கம்பிகளைத் தூக்கி நிறுத்துவார்கள், அக்டோபரில் இறக்கிவிடுவார்கள். கடைசி 400 அடி, கம்பியைப் பிடித்துக்கொண்டே! ஒரு நாளைக்குச் சுமார் 300 பேருக்குத்தான் அனுமதி. அதுவும் குலுக்கலில். ஆசை இருந்தால் மார்ச் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். கையுறையை மறக்காதீர்கள்!