வண்டி யாருது, பிரேக் யாருது?

“அண்ணாச்சி, பிரேக்கை ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது. காண்ட்ராக்டர்கிட்டச் சொன்னா, இந்த மாசம் டியூவைக் கட்டிட்டுப் பார்ப்போம்ங்கிறாக. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேசு யாரு மேல?”

கோவில்பட்டி டீக்கடை ஒன்றில், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி. பார்சல் வண்டி ஓட்டுகிறவர். வண்டியின் மேலே ஒரு பெரிய கம்பெனியின் பெயர் ஒட்டியிருக்கிறது. வண்டி அந்தக் கம்பெனியுடையது இல்லை. ஒரு காண்ட்ராக்டர் ‘அட்டாச்’ போட்டிருக்கிற ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டி. எட்டயபுரம், கழுகுமலை என்று சுற்றி மதியத்துக்குள் பெட்டிகளைக் கொடுத்து முடிக்க வேண்டும்.

ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை என்பதால் இன்னொன்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமில்லை, வண்டியில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் இது வேண்டும்.

முதலில், பிரேக் வேலை ஏன் தள்ளிப்போகிறது? காண்ட்ராக்டரைக் கொடுமைக்காரராக நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்காது. ஒன்றிரண்டு வண்டியை பைனான்ஸில் எடுத்து ஓடவிடுகிற ஆளாகத்தான் அவரும் பல நேரம் இருப்பார். கம்பெனி டிரிப்புக்கு இவ்வளவு என்று ரேட் பேசிவிடுகிறது. டியூ தப்பினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். டீசல் போடாவிட்டால் வண்டி நகராது. டிரைவருக்குப் பேட்டா தராவிட்டால் மறுநாள் ஆள் வராது. இந்தப் பட்டியலில் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடிய செலவுகள் டயரும் பிரேக்கும்தான். மொட்டை டயர் இன்னும் பத்து நாள் உருளும். தேய்ந்த லைனர் இன்னும் ஒரு வாரம் தாங்கும். மேலே ரேட்டை இறுக்க இறுக்க, அந்த இறுக்கம் கடைசியில் டிரைவரின் காலடியில் வந்து நிற்கிறது.

நம்ம பக்கத்து ரோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாத்தூர் போகிற நாற்கரச் சாலையில் பிரேக்குக்கு வேலையே இல்லை என்று தோன்றும். ஊருக்குள் திரும்பினால் ஒற்றை ரோடு. அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் உளுந்தும் சோளமும் காயும். எதிரே ஆட்டு மந்தை வரும். ஓரம் இறங்கலாம் என்றால், மழை பெய்த கரிசல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடாது. கோடையிலோ ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒதுங்க இடமில்லாத ரோட்டில் பிரேக்கை விட்டால் வேறு துணை கிடையாது.

இனி சட்டத்துக்கு வருவோம். அது மூன்று கேள்வி கேட்கிறது. வண்டி யார் பெயரில் இருக்கிறது? யார் சொல்லுக்கு ஓடுகிறது? கோளாறு யாருக்குத் தெரியும்?

முதல் கேள்விக்கு ஆர்.சி. புக்கில் பதில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். வண்டி பைனான்ஸில் இருந்தால், அந்த ஒப்பந்தப்படி அதைக் கையில் வைத்திருப்பவர் உரிமையாளர். ஆனால் வண்டி கை மாறும் வேகத்தில் புக் மாறுவதில்லை. ‘பேரை மெதுவா மாத்திக்கிடலாம்’ என்று விட்டுவிடுகிறோம். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் வண்டி இப்படித்தான் ஒருவர் மாற்றி ஒருவராகப் பலர் கைக்குப் போயிருந்தது, பதிவில் மட்டும் பழைய பெயர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டுப் பொறுப்பைப் பதிவில் இருந்தவர் மேலேயே வைத்தது. அடிபட்ட குடும்பம், வண்டி யாரிடமிருந்து யாரிடம் போனது என்று துப்பறிந்துகொண்டு அலைய முடியாது என்பதே அதில் உள்ள நியாயம். பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் நிம்மதியாக இருப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

பெயரோடு சேர்ந்தது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் காட்ட வேண்டும். குட்டி யானைக்குப் பெர்மிட் வேண்டாம் என்பது உண்மைதான். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்குச் சட்டம் அந்த விலக்கைத் தருகிறது. சிலர் அதை எந்தப் பேப்பரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது என்கிறது 56-ஆம் பிரிவு. புக் கையில் இருந்தும் இல்லாத கதைதான். அதே நேரம், எஃப்.சி. என்பது வண்டியைக் காட்டிய அந்த ஒரு நாளுக்கான சாட்சி. நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலம் பழையதை மாட்டிக்கொள்கிற சாமர்த்தியம் நமக்குத் தெரியாததா? ‘எஃப்.சி. இருக்கு’ என்கிற பதிலை வைத்துப் பிரேக் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் கம்பெனி உள்ளே வருகிறது. ‘வண்டி எங்களுடையது இல்லை, டிரைவரும் எங்கள் ஆள் இல்லை’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இந்தப் பதிலை ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகமே சொல்லிப் பார்த்திருக்கிறது. 1981-ல் ராஜஸ்தானில், வெள்ளம் ஓடிய ஓடையில் ஒரு பஸ் சிக்கிப் பலர் இறந்தார்கள். ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் தனியாரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய பஸ் அது. பஸ்ஸும் டிரைவரும் தனியாருடையவை. கண்டக்டர் கழகத்து ஆள், டிக்கெட் கழகத்து டிக்கெட், பஸ் போன வழியும் கழகம் சொன்ன வழி. கைலாஷ் நாத் கோத்தாரி வழக்கு என்று பேர் பெற்ற அந்த வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: டிரைவருக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும், ஓடுகிற நேரத்தில் அவர் யாருடைய கட்டளைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தாரோ அவருக்கும் பொறுப்பு உண்டு. தேர்தல் வேலைக்கு அரசு பிடித்துக்கொண்ட தனியார் வண்டி விபத்துக்குள்ளான இன்னொரு வழக்கிலும், அந்த நேரத்தில் வண்டி அரசின் கையில் இருந்ததால் அரசுதான் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த அளவுகோலை நம்ம தம்பியின் வண்டிக்கு வைத்துப் பாருங்கள். எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்வது கம்பெனியின் செயலி. எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அதுதான். தாமதமானால் போன் வருவது கம்பெனி ஆபீஸிலிருந்து. கட்டளை அங்கேயிருந்து வருகிறது என்றால் பொறுப்பில் ஒரு பங்கும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று வாதாட வழி இருக்கிறது. ஒவ்வொரு வழக்கும் அதனதன் ஒப்பந்தத்தையும் சாட்சியையும் பொறுத்தது. ஆனால் ‘எங்கள் வண்டி இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிவதில்லை.

மூன்றாவது கேள்வி, கோளாறு யாருக்குத் தெரியும் என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஆபத்தான கோளாறுள்ள வண்டியை ஓட்டுகிறவரோடு அது நிற்கவில்லை. ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே பிடிக்கிறது. கோளாறு தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் கோளாறால் ஆள் காயப்பட்டாலோ பொருள் சேதமானாலோ 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இங்கேதான் தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப என் மேலயும் கேசு உண்டா?”

உண்டு. இதை இனிப்புத் தடவிச் சொல்ல முடியாது. நஷ்டஈட்டுப் பொறுப்பு மேலே ஏறும். டிரைவரிடமிருந்து உரிமையாளருக்கு, அவரிடமிருந்து இன்சூரன்ஸுக்கு, சில நேரம் கட்டளையிட்ட கம்பெனி வரைக்கும் போகும். சிறைப் பொறுப்பு அவ்வளவு சுலபமாக ஏறாது. விபத்தில் ஆள் இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் வழக்கு வரும். பழைய சட்டத்தில் 2 ஆண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனை 2024 ஜூலையிலிருந்து 5 ஆண்டு. ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்தவர் பெயரைத்தான் போலீஸ் முதலில் எழுதும். எய்தவன் எங்கேயோ இருப்பான், அம்புதான் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்.

“வாட்ஸ்அப்புல ‘பிரேக் சரியில்ல’ன்னு மெசேஜ் போட்டுட்டா நான் தப்பிச்சிருவேனா?” என்றார்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த மெசேஜ் இரண்டு பக்கமும் வெட்டும். காண்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் கோளாறு தெரியும் என்பதற்கு அது சாட்சி. உங்களுக்கும் தெரியும் என்பதற்கும் அதுவே சாட்சி. மெசேஜைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தால், தெரிந்தே எடுத்தவர் ஆகிவிடுகிறீர்கள். எழுதிக் கொடுப்பது பாதி வேலை, பிரேக் சரியாகும்வரை சாவியைத் தொடாமல் இருப்பது மீதி. அந்த மீதிதான் சம்பளக்காரருக்குக் கஷ்டமானது, ஒரு நாள் கூலி போகும், ‘வேற ஆளைப் போட்டுக்கிடுதேன்’ என்பார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று தொழிலாளி தெரிவித்தால் முதலாளி அதைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான் பொதுவாக அது. ஒற்றை வண்டிக் காண்ட்ராக்டரிடம் ஓட்டுகிறவருக்கு அந்தக் குடை எட்டாமல் போகலாம்.

டிரைவரே அடிபட்டால்? 1923-லிருந்து இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நல்ல ஒரு வழியைத் திறந்துவைத்திருந்தது. ஒரு நிறுவனம் தன்னுடைய வழக்கமான தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டரிடம் விட்டால், காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபடும்போது நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம், கொடுத்துவிட்டு நிறுவனம் காண்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளும். இப்போது அந்த ஏற்பாடு 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. பார்சல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கம்பெனியின் தொழிலே என்றால், இந்த வழி டிரைவருக்குப் பலமாக அமையலாம். கேட்க வேண்டிய காலம் 2 ஆண்டு. இந்த டிரைவர் இந்த வேலையில்தான் இருந்தார் என்பதற்கு டிரிப் ஷீட்டும் சம்பளம் வந்த கணக்கும் வேண்டும். கையில் காசு வாங்கிக்கொண்டு எந்தத் தாளும் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு இந்தப் பலம் இருந்தும் பிரயோஜனப்படாது.

வெளியே எப்படி என்று பார்த்தால், ஆஸ்திரேலியாவில் கனரக வாகனங்களுக்கு ‘பொறுப்புச் சங்கிலி’ என்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 4.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளில், சரக்கு அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், நேரம் குறிக்கிறவர், வண்டியை இயக்குகிறவர் என்று சங்கிலியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை உண்டு. விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கடமையைச் செய்யாததே குற்றம். நம் சட்டத்தின் ‘ஓட்டச் செய்கிறவர்’ என்ற சொல்லில் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இருக்கிறது. அதை மேலே மேலே கோக்கத்தான் ஆள் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து சரக்கு அனுப்புகிறவர்கள் அதைக் கோக்க ஆரம்பிக்கலாம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய் இந்த ஊருடையது. வெல்லப் பாகின் பதம் ஒரு நூல் தப்பினாலும் அடுப்படியில் நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு குச்சி மருந்தில்லாமல் போனால் கண்ணில் பட்டுவிடும். அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை நிறுத்தி, பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர் யார்? தீப்பெட்டி லோடு ஏற்றிய வண்டிக்கு அந்தக் கேள்வி இன்னும் அவசியம். ஏற்றும் முன் எஃப்.சி. தேதியைப் பார்ப்பதற்கும், டயரைச் சுற்றி ஒரு நடை வருவதற்கும் எவ்வளவு நேரம் ஆகும்? சுமையைக் குறைத்து ரேட் கட்டுப்படியாகும்படி பேசுவது அதைவிடப் பெரிய உதவி. அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்கிற 194-ஆம் பிரிவும் ‘ஓட்டச் செய்கிறவரை’ விட்டுவைக்கவில்லை.

அன்று தம்பி காசு கொடுக்க எழுந்தபோது நான் தடுத்துவிட்டேன். அவருக்குச் சொன்னது இதுதான்: ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். கோளாறை எழுத்தில் தெரிவி, தேதியோடு. பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்காதே.

கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியதும் நீளமானதில்லை. பார்சல் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று நிமிஷக் கணக்கில் கேட்கிறவர்கள், பிரேக் கடைசியாக என்றைக்குப் பார்த்தது என்று தேதிக் கணக்கில் கேட்க வேண்டும். நேரத்தைக் குறிக்கிறவர் பிரேக்குக்கும் பொறுப்பாளிதான்.