இந்த வலியோடு ஓடலாமா? – நெடுந்தூர ஓட்டமும் காயமும்

கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்கு நிதி திரட்டும் நோக்கத்துடன் 2013ஆம் ஆண்டில் கோவை மாரத்தான் தொடங்கப்பட்டது. அதனால் இங்கு ஓடுவோரில் பலருக்குப் பதக்கம் இரண்டாம் பட்சமே. நோயுற்ற தாய்க்காகவும், மறைந்த தந்தையின் நினைவாகவும், சிகிச்சை முடித்து மீண்ட தமக்காகவும் அவர்கள் ஓடுகின்றனர். பல மாதப் பயிற்சிக்குப் பின், ஓட்டத்திற்குச் சில வாரங்களே இருக்கும் நிலையில் காலில் வலி தோன்றினால், அவர்களும் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்த வலியோடு ஓடலாமா?"

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. வலி எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே முக்கியம்.

காயம் ஏன் வருகிறது?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானில் ஏறத்தாழ 20,000 அடிகள் வைக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே இச்சுமைக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் தேவை. மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காகத் தூரத்தை விரைவாகக் கூட்டும்போது, எலும்பு தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசமின்றி நுண்ணிய விரிசல் காண்கிறது. இதையே அழுத்த முறிவு என்கிறோம். விழாமலும் அடிபடாமலும் ஏற்படுவதால் பலர் இதை முறிவென்றே நம்புவதில்லை.

பொறுத்துக்கொள்ளத்தக்க வலி

பயிற்சிக்கு மறுநாள் இரு தொடைகளிலும் கெண்டைக்கால்களிலும் பரவலாகத் தோன்றும் வலி இயல்பானது. இரண்டு மூன்று நாட்களில் தணியும். முழங்கால் சில்லைச் சுற்றியும் குதிகால் நாணிலும் தோன்றும் இலேசான வலியில், ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடரப் பெரும்பாலும் இயலும். பூச்சியம் முதல் பத்து வரையான அளவில் வலி மூன்றைத் தாண்டாமலும், நடையை மாற்றாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் ஓட்டத்தை நிறுத்தி, இயன்முறை மருத்துவரைக் காண்பது நன்று.

நிறுத்தச் சொல்லும் வலி

விரல் நுனியால் தொட்டுக்காட்டத்தக்க ஓரிடத்தில் எலும்பு வலித்தல், ஓட ஓட வலி கூடுதல், இரவில் ஓய்விலும் வலித்தல், நொண்டுதல், மூட்டு வீங்குதல் ஆகியவை எச்சரிக்கைகள். தொடை இடுக்கில் தோன்றும் வலியைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்து, அதோடு ஓடினால் எலும்பு முற்றிலும் முறிந்து அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே" என்று பலர் வினவுகின்றனர். அழுத்த முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தென்படாமல் போவது உண்டு. எனவே ஐயமிருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் பரிந்துரைக்கிறோம். பெரும்பாலான அழுத்த முறிவுகள் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் கூடிவிடும். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலி என்னும் இந்த எச்சரிக்கையே கிடைக்காது; அவர்கள் பயிற்சிக்குப் பின் நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியை மறைக்கும், விரிசலைக் கூட்டுவதில்லை. உடலில் நீர் குறைந்திருக்கும் நீண்ட ஓட்டத்தின்போது அவை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடும்.

உலகப் புகழ்பெற்ற வீராங்கனையும் இதற்கு விலக்கல்லர். பிரிட்டனின் பவுலா ராட்க்ளிஃப் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சிறிது முன்னர் காலில் காயமுற்றார். அதற்காக உட்கொண்ட அழற்சி தணிக்கும் மருந்துகள் வயிற்றைப் பாதித்து, உணவின் சத்து உடலில் சேர்வதைக் குலைத்தன. 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் 36ஆம் கிலோமீட்டரில் அவர் சாலையோரம் நின்றுவிட்டார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானிலும், அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி உலகப் போட்டியிலும் வென்றார். அன்று நின்றதனால் அவரது ஓட்டம் முடிந்துபோகவில்லை.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் விழுந்து முழங்காலில் பலத்த காயமுற்ற பின்னரும், கட்டுப்போட்ட காலுடன் கடைசியாக வந்து ஓட்டத்தை முடித்த தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரியை உலகம் இன்றும் போற்றுகிறது. அவரது மனவுறுதி போற்றத்தக்கதே. ஆயினும் அதை மருத்துவ அறிவுரையாகக் கொள்ளலாகாது.

மீண்டும் ஓடத் தொடங்குதல்

மருத்துவர் இசைவு அளித்தபின் முதலில் நடந்து பாருங்கள். ரேஸ் கோர்ஸ் நடைபாதையின் ஒரு சுற்று ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். அதை விரைந்து நடந்தும் அன்றும் மறுநாளும் வலி இல்லையெனில், ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றித் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுவது போதும். வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். ஓடாத நாட்களில் நீச்சலும் சைக்கிளும் மூச்சுத்திறனைக் காக்கும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சி கெண்டைக்காலை உறுதியாக்கும். உணவைக் குறைத்து எடையைக் குறைக்க இது காலமன்று. பால், கேழ்வரகு, பயறு, முட்டை ஆகியவை எலும்பு கூடத் துணைபுரியும்.

குடும்பத்தினருக்கு

புதிதாக வீங்கிய காலில் சூடான ஒத்தடமோ அழுத்தி எண்ணெய் தேய்ப்பதோ வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வையுங்கள். முறிவு ஐயமுள்ள காலை உருவிவிடுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு செய்யும். இறுகிய கட்டினால் விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

"இந்த வயதில் ஓட்டம் எதற்கு?" என்று கடிந்துகொள்வதும், "இவ்வளவு பயிற்சி செய்துவிட்டு விடலாமா?" என்று தூண்டுவதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை. ஒருவரின் நினைவாக ஓட எண்ணியவருக்கு விலகுவது அவரைக் கைவிடுவதுபோல் தோன்றும். அந்த நினைவை மதிக்க வேறு வழிகளும் உண்டு: மருத்துவர் இசைந்தால் குறைந்த தூரத்தை நடந்து கடக்கலாம், சாலையோரம் நின்று ஓடுவோருக்குத் தண்ணீர் வழங்கலாம், நன்கொடை அளிக்கலாம். அடுத்த ஆண்டும் ஓட்டம் உண்டு. அதற்குக் கால்கள் நலமாக இருக்க வேண்டும்.