மீன் தொட்டியும் மலையாறும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், தேவிகுளம், குமுளிப் பகுதிகளும் கேரளத்தின் கிழக்கு எல்லையில் அமைந்தவை. இவ்விரு வட்டாரங்களிலும் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். மொழி ஒன்றேயாயினும் நீர் ஒன்றன்று. மழை மறைவுப் பகுதியான சித்தூர் வட்டத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிகுந்தது, ஃபுளோரைடும் கலந்தது. இடுக்கியின் மலையோடை நீரோ சுண்ணச் சத்து குறைந்த மென்னீர். குடிப்பதற்கும் பாசனத்திற்கும் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமோ, அலங்கார மீன் வளர்ப்புக்கும் அவ்வளவு முக்கியமாகும்.

2020ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், வீட்டுக் கொல்லையில் அமைக்கும் அலங்கார மீன் வளர்ப்பு அலகு ஒன்றின் செலவை 3 லட்சம் ரூபாய் என வரையறுத்தது. பொதுப் பிரிவினருக்கு இதில் 40 சதவீதமும், மகளிர் மற்றும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி இனத்தவருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. அதாவது ஒரு பெண் பயனாளிக்கு 1,80,000 ரூபாய் வரை கிடைக்கக்கூடும். சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பும் விற்பனையும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவதைக் காணும்போது, இந்த மானியம் வீணாகாது என்றே கருதலாம். ஆனால் எந்த மீனை, எந்த நீரில், எந்த ஆற்றின் கரையில் வளர்ப்பது என்ற கேள்விக்கு மானியப் படிவத்தில் விடை கிடைப்பதில்லை.

சிக்லிட் குடும்பம்

அலங்காரத் தொட்டிகளில் மிகுதியாக விரும்பப்படுபவை சிக்லிட் குடும்பத்து மீன்கள். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் ஆகியவை தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளிலிருந்து வந்த வண்ண மீன்கள் வேறு பல. ஆசியாவில் இக்குடும்பத்தின் இயற்கை வாழிடங்கள் மிகச் சில. இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட் இனங்கள் மூன்று மட்டுமே. 2010இல் கேரளம் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன் அவற்றில் முதன்மையானது. பள்ளத்தி எனப்படும் சிறிய மஞ்சள் மீன் இரண்டாவது. கன்னடக் கரையோர ஆறுகளின் கனரா கரிமீன் மூன்றாவது. இவற்றின் நெருங்கிய உறவினங்கள் கடலுக்கு அப்பால் மடகாஸ்கர் தீவில் வாழ்வது உயிரியல் மாணவர்கள் அறியத்தக்க வியப்பாகும்.

சிக்லிட் மீன்களின் சிறப்பு, அவை குஞ்சுகளைப் பேணும் முறை. கரிமீன் இணை நீரில் மூழ்கிய கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டவைத்து, துடுப்பால் விசிறி அவற்றிற்குப் புதுநீர் பாய்ச்சுகிறது. குஞ்சு பொரித்ததும் தரையில் தோண்டிய சிறு குழிகளுக்கு அவற்றை மாற்றுகிறது. பள்ளத்தியின் குஞ்சுகள் பெற்றோரின் உடல்மீது சுரக்கும் வழுவழுப்பை மேய்ந்து வளர்கின்றன. பள்ளத்தியும் கரிமீனும் பழகும் விதம் இன்னும் விந்தையானது. பள்ளத்தி கரிமீனின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்கிறது. அதே பள்ளத்தி வாய்ப்புக் கிடைத்தால் கரிமீனின் முட்டைகளையும் தின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவோர் இதை நினைவிற் கொள்ளல் நலம்.

தொட்டியின் கணக்கு

செடிகளுடன் கூடிய பெரிய தொட்டி என்பது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்டதெனக் கொள்வோம். கன அளவு 24 கன அடி. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றைச் சேர்த்தால் எடை முக்கால் டன்னுக்கு மேல் போகும். மரத்தளமிட்ட பழைய தோட்டக் குடியிருப்புகளில் இதனை வைப்பது அறிவுடைமை ஆகாது.

நீரை நிரப்பிய அன்றே மீன்களை விட்டு, மறுவாரமே அவற்றை இழப்பவர் பலர். மீனின் கழிவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நச்சுத்தன்மை கொண்டது. மணலிலும் வடிகட்டியிலும் பெருகும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக ஏற்பதால் இச்சுமையின் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. பகலில் உயிர்வளியைத் தரும் அதே செடிகள் இரவில் அதனை உட்கொள்வதால், மீன்கள் நெருக்கமாயுள்ள தொட்டியில் விடியற்காலையில் மூச்சுத்திணறல் நேரலாம். இரவில் காற்றுக்குழாயை இயக்குவதே இதற்கு எளிய பரிகாரம். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுதல் வேண்டும்.

சிக்லிட்டும் செடியும் ஒத்துவாழ்வது அரிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மை. ஆஸ்கர் போன்ற பெரிய மீன்கள் மணலைத் தோண்டிச் செடிகளை வேரோடு சாய்த்துவிடும். கரிமீன் செடியையும் பாசியையும் இரையாகவே கொள்ளும். ஏஞ்சலும் பள்ளத்தியும் அவ்வளவு அழிவு செய்வதில்லை. மணலில் நடாமல் கல்லிலும் கட்டையிலும் கட்டி வளர்க்கும் தடித்த இலைச் செடிகள் எத்தகைய மீனையும் ஓரளவு தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றுப் படுகைகளில் இயல்பாக வளரும் கிரிப்டோகோரைன் இனங்களும் இத்தொட்டிகளுக்கு ஏற்றவை.

இனி நீருக்கு ஏற்ற மீன். மலாவி ஏரி மீன்கள் காரத்தன்மையுள்ள கடின நீரை விரும்புவன. சித்தூரின் கிணற்று நீர் அவற்றிற்குப் பெரும்பாலும் ஒத்துவரலாம், ஆயினும் அதனைச் சோதித்தறியாமல் இறங்கலாகாது. உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் பள்ளத்தி அங்கு இன்னும் எளிது. ஏஞ்சல் மீன் மென்னீரை விரும்பும், ஆனால் 25 பாகைக்குக் குறையாத வெப்பமும் வேண்டும். மூணாறின் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதால், அங்கே மின்சூடேற்றி இன்றி ஏஞ்சலை வளர்க்க இயலாது. மின்தடை நீடித்தால் முதலே போய்விடும். அத்தகைய குளிரிடங்களுக்குச் சிக்லிட் அல்லாத மலையாற்று மீன்களே பொருந்தும்.

அவற்றுள் பெயர் பெற்றது 'மிஸ் கேரளா' என்னும் செங்கோட்டுக் கெண்டை. 1865இல் பிரான்சிஸ் டே இதனை அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். சாலியாறு, வளபட்டணம், அச்சன்கோவில் முதலிய ஆறுகளில் இது வாழ்கிறது. சாலக்குடி ஆற்றில் வாழும் இதன் உடன்பிறப்பு இனம் 1999இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2005 முதல் 2012 வரை இவ்விரு இனங்களிலும் சேர்த்து 3 லட்சத்திற்கு மேற்பட்ட மீன்கள் ஏற்றுமதியாயின. ஆற்றிலிருந்து பிடிப்பதைக் கட்டுப்படுத்தக் கேரள அரசு 2008இல் ஆணை பிறப்பித்தது. தடை விதிக்கப்பட்ட மாதங்கள் ஜூன், ஜூலை, அக்டோபர். பின்னர் நடந்த ஆய்வோ, இம்மீன் இனப்பெருக்கம் செய்வது அக்டோபர் முதல் மார்ச் வரை என்று காட்டியது. நல்ல நோக்கத்துடன் போட்ட ஆணை, மீனின் நாட்காட்டியைப் பாராமல் போடப்பட்டதால் பெரும்பகுதி பயனற்றுப் போனது. செயற்கை முறையில் இதனை இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் கேரளத்தில் உருவாக்கப்பட்டுள்ளது. கொல்லைப்புற அலகுகள் இத்தகைய பொரிப்பகக் குஞ்சுகளையே நாட வேண்டும்.

தொட்டியிலிருந்து ஆற்றுக்கு

இவ்வட்டாரத்தின் ஆறுகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். ஆழியாறு தமிழகத்திலிருந்து மேற்கே பாய்ந்து சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையைச் சேர்கிறது. மறையூர் வழியே செல்லும் பாம்பாறு, கேரளத்தின் கிழக்கு நோக்கிய மூன்று ஆறுகளில் ஒன்றாய், சின்னாறுடன் கலந்து அமராவதி அணைக்கு வருகிறது. ஆகவே சித்தூரில் ஒருவர் தூக்கி எறியும் மீன் அரபிக் கடலோரம் வரையும், மறையூரில் எறியும் மீன் கரூரைத் தாண்டிக் காவிரி வரையும் செல்ல வழியுண்டு.

இது வெறும் அச்சமன்று. ஆப்பிரிக்கச் சிக்லிட்டான திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் ஊர்களில் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படுவது இதுவே. 1959இல் இதனைப் பரப்புவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அமராவதி நீர்த்தேக்கத்தின் மீன்பிடிப்பில் இதுவே ஆதிக்கம் பெற்றது. தேக்கடி ஏரியிலும் இது நுழைந்துள்ளது. பெரியாற்றின் மேற்பகுதியில் மட்டுமே உலகில் காணப்படும் மீன்கள் சில உண்டு என்பதை எண்ணினால் இதன் பொருள் விளங்கும். ஏழையின் தட்டில் மலிவான புரதத்தை வைத்தது திலாப்பியா என்று வாதிடுவோர் உண்டு. அதிலும் நியாயம் உள்ளது. அலங்கார மீன்களுக்கு அந்த நியாயமும் கிடையாது.

தொட்டிச் சுவரை உறிஞ்சித் துப்புரவு செய்யும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய் மீன், திருவனந்தபுரத்தின் ஆமயிழஞ்சான் ஓடையில் பெருகியது ஆய்வில் பதிவாகியுள்ளது. 2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின் அராபைமா, அலிகேட்டர் கார் முதலிய ராட்சத மீன்கள் கேரள ஆறுகளில் வலையில் சிக்கின. அவை தொட்டிகளிலும் குளங்களிலும் இருந்து தப்பியவை. செடிகளும் இதற்கு விலக்கல்ல. 2020இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் இளஞ்சிவப்புப் பூக்களைக் காணக் கூட்டம் திரண்டது. பூத்திருந்தது தொட்டிச் செடியாக வந்து பரவிய கபோம்பா.

இவற்றைத் தடுக்கப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. மாற்றிய நீரை வாய்க்காலில் விடாமல் தென்னை, வாழைப் பாத்திகளுக்குப் பாய்ச்சலாம். நைட்ரேட் நிறைந்த அந்நீர் பயிருக்கு உரமாகும். வளர்ப்பகத்தின் வெளியேற்றுக் குழாயில் நெருக்கமான வலை பொருத்துதல், கரையை வெள்ள மட்டத்திற்கு மேல் உயர்த்துதல், வேண்டாத மீனை விற்ற கடையே திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் ஆகியவற்றை மானியத்தின் நிபந்தனைகளாக இணைப்பது மாவட்ட மீன்வளத் துறைக்குக் கடினமன்று. விண்ணப்பம் வரும்போது தொட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அலுவலர், கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எந்த ஆற்றில் சேர்கிறது என்பதையும் அதே படிவத்தில் குறித்துக்கொள்ளலாம்.