தாமிரபரணிப் படுகையில் நீர், மின் சிக்கனம்

திருநெல்வேலி வட்டாரத்தில் தண்ணீரையும் மின்சாரத்தையும் தனித்தனியாகச் சேமிக்க முடியாது. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணியின் நீர் முதலில் பாபநாசத்தில் மின்சாரம் தருகிறது. அங்குள்ள நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது எட்டு அணைக்கட்டுகளின் வழியாகக் கார், பிசான நெல் வயல்களுக்குப் பாய்கிறது. எட்டில் கடைசி ஸ்ரீவைகுண்டம். ஆற்றுமணலில் அமைந்த உறைகிணறுகளிலிருந்து ஊர்களுக்குக் குடிநீர் ஏற்றப்படுகிறது. அதை ஏற்ற மின்சாரம் வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இது எல்லோருக்கும் புரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஊரைச் சுற்றி வெள்ளம்; ஆனால் மின்சாரமும் குடிநீர் வழங்கலும் நின்றுபோனதால் குடிக்கத் தண்ணீர் இல்லை.

வீட்டில்

ஆற்றிலிருந்து ஒருமுறை ஏற்றப்பட்ட நீரை, தரைத்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு நாம் இன்னொரு முறை ஏற்றுகிறோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். தொட்டி நிரம்பி வழிந்தால் இரண்டும் வீண். தானாக நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் பொருத்துவது நல்லது.

சொட்டும் குழாயின் அடியில் 200 மில்லி டம்ளரை வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் நிரம்பினால் நாளொன்றுக்கு 9.6 லிட்டர், ஆண்டுக்கு சுமார் 3,500 லிட்டர். வாஷர் மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். (பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் வீட்டுக் குழாய்களையெல்லாம் அவர்களே சோதித்துவிடுவார்கள்.) அரிசி, பருப்பு கழுவிய நீர் செடிக்கு ஆகும்.

மின்சாரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது மின்விசிறி. இந்த ஊர் வெயிலுக்கு அதை அணைக்கச் சொல்வதில் பயனில்லை, மாற்றலாம். பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட், அதாவது 18 யூனிட். விலை கூடுதல்தான். ஆகவே அதிக நேரம் ஓடும் விசிறியை மட்டும் முதலில் மாற்றுவது போதும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விலை விழும். 510 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 10 யூனிட் குறைத்தாலே நல்ல ஆதாயம். சுவிட்சை அணைக்காமல் விடப்படும் செட்டாப் பெட்டி 10 வாட் இழுத்தால்கூட இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடும்.

பணியிடத்தில்

அலுவலகங்களில் பெரும் செலவு குளிர்சாதனம். அதை 24 டிகிரியில் வைத்து விசிறியையும் சுழலவிடலாம். 18இல் வைத்துவிட்டுச் சால்வை போர்த்துவது வேடிக்கை. உணவு இடைவேளையில் கணினித் திரைகளை அணைக்கலாம். பொதுக் கழிப்பறைக் குழாய் ஒழுகினால் யாரும் தம் பொறுப்பென நினைப்பதில்லை. எனவே ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பதே வழி.

மழைநீர்த் தொட்டி

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது கட்டிய பல குழிகள் இன்று மண் மூடிக் கிடக்கின்றன. திருநெல்வேலிச் சமவெளிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே புரட்டாசிக்குள் மொட்டைமாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை நீக்கி, குழியிலுள்ள சரளையையும் மணலையும் எடுத்துக் கழுவித் திரும்ப நிரப்ப வேண்டும். முதல் மழை நீரைக் குழிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும்.