போட் மெயிலை மேசைமேல் ஓட்டலாம், தெரியுமா?

ஒரு காலத்தில் எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் கடல் தாண்டி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேர முடிந்தது. இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்கிற போட் மெயில் தந்த பயணம் இது. அதை மாதிரி ரயிலாகச் செய்ய ஆசைப்பட்டு, பழைய விவரம் தேடப் போனால் கிடைப்பதெல்லாம் ஆச்சரியம்தான்!

போட் மெயில் முதலில் தனுஷ்கோடிக்கே போகவில்லை, தெரியுமா? தூத்துக்குடிக்குத்தான் போனது, கொழும்புக் கப்பல் அங்கிருந்துதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகே வண்டி தனுஷ்கோடி பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகும் பாதை மாறியது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை வரையிலான தடம் 1930-ல்தான் முழுமையடைந்தது. 1925-ஆம் ஆண்டு வண்டிக்குக் காரைக்குடி ஸ்டேஷன் கட்டினால் மொத்த உழைப்பும் வீண். ஆகவே, பசையும் பெயின்ட்டும் வாங்குமுன் ஆண்டை முடிவு செய்யுங்கள்!

இன்ஜினைப் பாருங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் எழுத்தே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பாசஞ்சர், ஜி என்றால் சரக்கு. அழகான ஒய்.பி. நீராவி இன்ஜின்கள் மொத்தம் 871 செய்யப்பட்டன. ஆனால் முதல் ஒய்.பி. வந்ததே 1949-ல்! 1930-களின் எழும்பூரில் அதை நிறுத்தவே கூடாது. அதே எழும்பூரில் 1931-க்குப் பிந்திய காட்சி என்றால், தலைக்கு மேலே மின்கம்பி வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு அது. நீராவி இன்ஜின் புகை கக்கிக்கொண்டு நிற்க, மேலே மின்கம்பி! கண்ணால் கண்டவர்கள் சொன்னால்தான் நம்பத் தோன்றும்.

பெட்டிகளின் பக்கவாட்டையும் கவனியுங்கள். மூன்றாம் வகுப்பு 1974 வரை இருந்தது. தனுஷ்கோடி போன போட் மெயிலில் அந்த 'மூன்று' இல்லாவிட்டால் வண்டியே பொய்.

இப்போது அளவுக்கு வருவோம். உலகெங்கும் பரவலான மாதிரி அளவு, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 1,000 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான். அதை மாதிரி செய்பவர்களுக்கென்று 12 மி.மீ. தண்டவாளம் கடையில் ரெடிமேடாகவே விற்கிறது. ஆல்ப்ஸ் மலை ரயிலுக்குச் செய்த தண்டவாளத்தில் நம் போட் மெயில் ஓடும்! தலைமன்னார் பக்கம்தான் சிக்கல். இலங்கையில் அகலப்பாதை, அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. போதாது, கையால்தான் செய்தாக வேண்டும்.

பாம்பன் பாலம்? நிஜத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். இந்த அளவிலும் ஏறக்குறைய 24 மீட்டர் வரும்! எந்த வீட்டிலும் அடங்காது. ஆனால் கப்பலுக்கு வழிவிட்டு இரு பக்கமும் மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் என்றால் முக்கால் மீட்டர் சொச்சம்தான். என்னைக் கேட்டால் அது ஒன்று போதும். பணியாளர்கள் கையால் நெம்பித் திறந்த பாலம் அது. மோட்டார் வைக்காமல் கைப்பிடி வைத்துச் செய்தால் இன்னும் சிறப்பு.

விவரம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? கொலை வழக்கில்கூட! 1952-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய ஆளவந்தார் வழக்கில், எழும்பூரில் போட் மெயிலில் ஏற்றிய, சடலம் அடைத்த டிரங்குப் பெட்டி மறுநாள் மானாமதுரையில் திறக்கப்பட்டது. அந்த ஒரு செய்தியிலேயே வண்டி போன வழியும் ஓட்ட நேரமும் பிடிபடுகின்றன.

இன்னொன்று. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் கொண்டுபோனது போட் மெயில் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடித் துறையை மாதிரியாகச் செய்கிறவர் அந்தத் தேதியோடு தன் கால அட்டவணையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரயில்வே கால அட்டவணையோ, டிக்கெட்டோ, பிளாட்பாரத்தில் எடுத்த குடும்பப் படமோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் ஊரையும் ஆண்டையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.