உருளை தாங்கும் சுமை

கூடங்குளம் பக்கத்தில் உள்ள உழவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்குச் சென்ற ஆண்டும் இவ்வாண்டும் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கு நேர்ந்த தவற்றில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அச்சங்கத்தின் கிட்டங்கியில் நெல் மூட்டைகளை லாரிக்கு ஏற்ற, கன்வேயர் பெல்ட்டு எனப்படும் ஓடும் பட்டை ஒன்று உண்டு. அதன் நீளம் 12 மீட்டர். ரப்பர்ப் பட்டையின் அடியில் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 30 இரும்பு உருளைகள் வரிசையாக அமைந்திருந்தன. மோட்டார் பட்டையை இழுக்கும். உருளைகள் சுமையைத் தாங்கிச் சுழலும். அங்கத்தினர்களின் பங்குத் தொகையைக் கொண்டு வாங்கிய இயந்திரம் அது.

சென்ற ஆண்டு பேரேட்டைப் புரட்டியபொழுது, உருளை வாங்கிய வகையில் ஒரு காசும் செலவாகாதது கண்டு மகிழ்ந்தோம். வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக 15 உருளைகளைக் கழற்றி, தேய்மானத்திற்கு மாற்றாக வைத்துக்கொண்டதாகக் காரியதரிசி விளக்கினார். நல்ல சிக்கனம் என்று அறிக்கையிலும் எழுதினோம். அந்தப் பாராட்டைத் திரும்பப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாண்டு சென்றபொழுது பட்டை நின்று கிடந்தது. உருளைகள் பல, பேரிங் இறுகிச் சுழலாமல் போய்விட்டன. சுழலாத உருளையின்மேல் உராய்ந்து பட்டையும் கிழிந்திருந்தது. அறுவடை மும்முரத்தில் லாரிகள் காத்து நின்றன. மூட்டைகள் பழையபடி தலைச்சுமையாகவே ஏறின. பட்டை கிழிந்த அன்று மூட்டை ஒன்று சரிந்து தொழிலாளர் ஒருவரின் கால்மேல் விழுந்ததில், அவர் பத்து நாள் கூலியை இழந்தார். சுமைத் தொழிலாளர்களுள் மூத்தவர் ஒருவர் நம்மிடம், “ஐயா, உருளையைக் கழற்றின நாள் முதலே மூடை நொண்டி நொண்டித்தான் போகுது. சொன்னோம், கேட்பார் இல்லை” என்றார்.

அவர் கண்ணால் கண்டதைக் கணக்கால் காண்பது எளிது. மூட்டை ஒன்றின் எடை 75 கிலோ, நீளம் 90 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு மூட்டை வீதம் பட்டைமேல் செல்கிறது. ஆகவே மீட்டருக்குச் சராசரி 50 கிலோ. உருளை இடைவெளி 40 சென்டிமீட்டரானால் உருளைக்கு 20 கிலோ. இடைவெளியை 80 சென்டிமீட்டராக்கினால் 40 கிலோ. உருளை தாங்கக்கூடிய பளு 50 கிலோ என்று செய்தவர்கள் தந்த தாளில் அச்சிட்டிருந்தது. நாற்பது ஐம்பதிற்குள் அடங்குகிறதே, கழற்றினால் என்ன என்று நிர்வாகக் குழுவினர் எண்ணினர். அந்தத் தாள் கோப்பில் இருந்தும் நாம் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

பிழை எங்கே? உருளை ஒருபொழுதும் சராசரியைத் தாங்குவதில்லை. தன்மேல் வந்து நிற்கும் மூட்டையையே தாங்குகிறது. இடைவெளி 40 சென்டிமீட்டராக இருந்தபொழுது 90 சென்டிமீட்டர் மூட்டையின் அடியில் எந்நேரமும் இரண்டு உருளைகளேனும் இருந்தன. ஆளுக்குப் பாதியாக 37½ கிலோ. பட்டையின் எடை மீட்டருக்கு 6 கிலோ என்று கொண்டு அதனையும் சேர்த்தால் உருளைக்கு ஏறத்தாழ 40 கிலோ. இடைவெளி 80 சென்டிமீட்டரானபொழுது மூட்டை முழுவதும் ஒரே உருளைமேல் நிற்கும் கணம் ஒவ்வோர் உருளைக்கும் வருகிறது. அப்பொழுது அதன் பளு, பட்டையையும் சேர்த்து, ஏறத்தாழ 80 கிலோ. ஐம்பதிற்குச் செய்த உருளைமேல் எண்பது! உருளை இடைவெளி மூட்டையின் நீளத்தில் பாதிக்கு மிகலாகாது என்று பொறியாளர் விதி வைத்திருப்பது இதனால்தான்.

பளு இரட்டித்தால் ஆயுள் பாதியாகும் என்று எண்ணுவோரும் உளர். குண்டு பேரிங்கின் கணக்கு அதனினும் கடுமையானது. பளு இரு மடங்கானால் ஆயுள் இரண்டின் மும்மடி, அதாவது எட்டில் ஒன்றாகச் சுருங்கும். எட்டு ஆண்டு உழைக்க வேண்டிய 30 உருளைகளை எடுத்துக்கொள்வோம். பாதியைக் கழற்றிவிட்டால், வரிசையில் நிற்கும் பதினைந்தும் ஏறத்தாழ ஓராண்டில் முடியும். மாற்றாக வைத்த பதினைந்தும் அடுத்த ஓராண்டில் முடியும். எட்டாண்டுச் சொத்து இரண்டாண்டில் தீர்ந்துபோகும். பேரேட்டில் வரவாகத் தோன்றிய சிக்கனம் உண்மையில் முதலையே தின்ற செலவு.

நெசவாளர் அன்பர்களுக்கு இது புதிதன்று. பாவில் சில இழைகள் தளர்ந்தால், அவற்றின் பங்கையும் அண்டை இழைகள் தாங்க நேர்ந்து, முதலில் அறுவன அவையே அல்லவா?

இவ்விதி சிறு கிட்டங்கிக்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 1979-ஆம் ஆண்டு முதல் அலகு இயங்கத் தொடங்கி, பின்னர் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து அமைந்தன. கப்பலில் வரும் நிலக்கரி துறைமுகத்திலிருந்து ஓடும் பட்டை வழியே நிலையத்தை அடையும். நிலக்கரி போன்ற கொட்டுச் சரக்கு சிந்தாதிருக்க, அத்தகைய பட்டையின் அடியில் மும்மூன்று உருளைகளை வைத்துத் தொட்டிபோல் வளைப்பர். நடு உருளை கிடையாகவும் பக்கத்து உருளைகள் சாய்ந்தும் நிற்கும்.

அதன் கணக்கையும் ஓர் உதாரணத்தால் காண்போம். மணிக்கு 1,000 டன் சரக்கு, விநாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். டன்னை 3.6 ஆலும் வேகத்தாலும் வகுத்தால் மீட்டருக்கு 111 கிலோ வரும். பட்டையின் எடை மீட்டருக்கு 25 கிலோ என்று கூட்டினால் 136. உருளைத் தொகுதிகளுக்கு இடையே 1.2 மீட்டர் எனில், ஒரு தொகுதியின் பளு 163 கிலோ. இதனை மூன்றால் வகுத்து உருளைக்கு 54 என்றால் பெரும்பிழை. சரக்கு நடுவில் குவிவதால் நடு உருளை மூன்றில் இரண்டு பங்கை, அதாவது ஏறத்தாழ 109 கிலோவைத் தாங்குகிறது. மேலும் சரக்கு வந்து விழும் இடத்தில் அடியின் வேகமும் சேரும்; ஆகவே அங்கே உருளைகளை நெருக்கமாக வைப்பர். இவற்றுக்கெல்லாம் ஐ.எஸ். 8598, ஐ.எஸ். 11592 என்ற இந்தியத் தர ஏடுகள் உள்ளன. இயந்திரம் வாங்கும் சங்கங்கள், விலைப்புள்ளி கோரும்பொழுதே அவற்றைக் குறிப்பிடுதல் நலம்.

கூடங்குளத்திற்கு உரிய மற்றொரு தொல்லையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்று காற்றாலைகளுக்கு வரம், பேரிங்குக்கோ பகை. மணல் தூசியும் கடற்கரையின் உப்பு ஈரமும் உட்புகுந்தால், கணக்கிட்ட ஆயுளும் குறையும். ஆதலின் நன்கு மூடிய உருளைகளையே வாங்குதல் வேண்டும். வாரம் ஒருமுறை, மோட்டாரை நிறுத்தி மின்சாரத்தையும் துண்டித்தபின், ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். ஓடும் பட்டையின் அருகே வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் தொங்கலாகாது. அவசரத்தில் இழுத்தவுடன் மோட்டாரை நிறுத்தும் கயிறு பட்டையின் நீளம் முழுவதும் இருத்தல் வேண்டும்.

கழற்றிய உருளைகளில் நல்லவற்றை மீண்டும் பொருத்தி, குறைந்தவற்றைப் புதிதாக வாங்குவதென்று சங்கத்தின் பொதுக்கூட்டம் தீர்மானித்தது. மேற்கண்ட கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிக் கிட்டங்கிச் சுவரில் ஒட்டச் சொன்னோம். மூட்டை நொண்டுகிறது என்று முதலில் கண்ட தொழிலாளியின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் நன்றியுடன் பதியவும் கேட்டுக்கொண்டோம்.

நம் கடமையும் ஒன்று இருந்தது. சென்ற ஆண்டு அறிக்கையில் நல்ல சிக்கனம் என்று எழுதியது தவறு என இவ்வாண்டு அறிக்கையின் முதற் பத்தியிலேயே குறித்துள்ளோம். இனி எச்சங்கத்திற்குச் சென்றாலும், செலவில்லாத பத்தியைக் கண்டு மகிழுமுன் கிட்டங்கிக்குள் நுழைந்து உருளைகளை எண்ணிப் பார்ப்போம்.