காத்திராத விதை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை எழுகின்றது. அங்கே வெள்ளிமலை முதலிய ஊர்ப்புறங்களில் பலா மரங்களைக் காண்போர், அவை அம்மண்ணுக்கே உரியவை என்று எண்ணக்கூடும். ஆனால், பலாவின் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள் என்பதே தாவர நூலாருள் பெரும்பாலோர் முடிவு. அது தமிழருக்கு மிகப் பழைய நட்பு. பறம்பு மலையில் உழாமலே விளையும் பொருள்களுள் பலாவையும் வைத்துப் புறநானூற்றில் பாடினார் கபிலர். அவர் உயிர் நீத்த இடம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் என்பது மரபு.

தோட்டத்திற்கு வந்து இத்தனை காலம் ஆகியும் பலா தன் காட்டு இயல்பை விடவில்லை. அடிமரத்திலேயே காய்ப்பது அவ்வியல்புகளுள் ஒன்று. அத்தனை பெரிய பழத்தை மெல்லிய கிளை நுனி எப்படித் தாங்கும்? மற்றொன்று விதையில் இருக்கிறது.

இம்மலையில் விளையும் சாமையை எடுத்துக்கொள்வோம். வெயிலில் உலர்த்திச் சேமித்தால் அதன் விதை அடுத்த மழை வரையில் உயிரோடிருக்கும். பலாக் கொட்டையை அவ்வாறு உலர்த்தினால் உயிர் போய்விடும். ஈரம் நீங்காத காட்டில் விழுந்தவுடனே முளைக்கும் விதைக்குக் காத்திருக்கும் பழக்கம் ஏது? சுளையைத் தின்றவர் கொட்டையைச் சில வாரங்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். மற்றத் தானியங்களைப்போல் உலர்த்திக் குளிர்க் கிடங்கில் வைத்துக் காக்கவும் இயலாது.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. பலாவில் ஆண் பூக்கதிரும் பெண் பூக்கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. கறுத்துப் பூஞ்சணம் பூத்து உதிரும் ஆண் கதிரைப் பிஞ்சென்று கருதி வருந்துவோர் உண்டு. அந்த வருத்தம் வேண்டியதில்லை. பெண் பூவுக்கு மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வந்து சேர்கிறது. ஆகவே தேனாய் இனிக்கும் வருக்கைப் பலாவின் கொட்டையை ஊன்றினாலும், முளைப்பது குழைந்த சுளையுடைய கூழன் பலாவாக இருக்கலாம். கொட்டையிலிருந்து வளர்ந்த ஒவ்வொரு மரமும் உலகில் தனி ஒன்று.

பலா மரத்திற்கோ விலை உண்டு. வீணையும் மிருதங்கமும் அதில்தான் கடைகிறார்கள். முதிர்ந்த மரமொன்று வெட்டுண்டால் அந்தச் சுவையும் அதனோடு போகும். தடுக்கும் வழி ஒன்று உண்டு: வெட்டுவதற்கு முன் அதன் இளங்குச்சியை எடுத்து வேறொரு பலாக் கன்றில் ஒட்டுக் கட்டுவது. பண்ருட்டியை அடுத்த பனிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்த வகை இவ்வாறே ஒட்டுக் கன்றாகப் பல தோட்டங்களுக்குச் சென்றது. கல்வராயன் மலையின் நல்ல மரங்கள் எவை என்பதை அவற்றின் பழத்தை ஆண்டுதோறும் தின்றவர்களே அறிவர்.